ஒருவரியாரின் கருப்புச் சன்னல்

ஒருவரியார் விசைப்பலகையில் விரல் வைத்தால் மூன்று தெருவுக்கு விளக்கு மங்கும். சரி, இது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். அவர் வீட்டுக் கூடத்து விளக்கு மட்டும்தான் மங்கும். அதுவும் ஒயரிங் பழசு என்பதால். ஆனால் அவரையே கேட்டால், மூன்று தெரு என்றது குறைவு என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

வேலையில் இருந்த காலமெல்லாம் மின்சாரக் கட்டுப்பாட்டு அறையில் யூனிக்ஸ் கணினிகளோடு குடித்தனம் நடத்தியவர் அவர். அந்தக் கணினிகளில் படம் கிடையாது, பொத்தான் கிடையாது, மவுஸ் கிடையாது. கருப்புத் திரை, அதன் ஓரத்தில் கண் சிமிட்டும் ஒரு சின்னக் கட்டை, அவ்வளவுதான். அதன் முன்னால் ஒரு கட்டளையைத் தட்டினால், ஷெல் என்கிற ஊழியன் அதை வாங்கிக்கொண்டு போய் வேலையை முடித்துவிட்டு, முடித்தேன் என்றுகூடச் சொல்லாமல் கை கட்டி நிற்பான். கேட்டதற்கு மட்டும் பதில். கேட்காததற்கு வாயைத் திறக்க மாட்டான். இப்படி ஓர் ஆளை வீட்டிலும் எதிர்பார்த்துத்தான் அவர் கல்யாணம் செய்துகொண்டார் என்பது அவருடைய மைத்துனரின் கட்சி. அந்த விஷயத்தில் அவர் எவ்வளவு ஏமாந்தார் என்பது பக்கத்து வீடுகளுக்கெல்லாம் தெரியும்.

பட்டப்பெயர் வைத்ததும் அந்த மைத்துனர்தான். எந்த வேலையை எடுத்தாலும், "அதுக்கு ஒரே வரி போதும்" என்பது இவர் வழக்கம். ஆயிரம் ஃபைலுக்குப் பெயர் மாற்ற வேண்டுமா, ஒரே வரி. பழைய கணக்கைத் தேட வேண்டுமா, ஒரே வரி. குளியலறைக் குழாய் ஒழுகியபோதுகூட அவர் வாய் 'ஒரே...' வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பியது. அன்றிலிருந்து அவர் ஒருவரியார். ஏதோ பழம்புலவர் பெயர் மாதிரி இருக்கிறதே என்று அவருக்கும் உள்ளூரப் பெருமைதான்.

மனைவி அவருக்கு நேர் எதிர். விவசாயக் கல்லூரியில் களைச்செடிப் பாடம் நடத்துபவர். வீட்டிலும் வெளியிலும் எல்லாருக்கும் டீச்சர். கல்யாணமான புதிதில் கடற்கரைக்குப் போனபோது கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மணலில் முளைத்திருந்த கோரையைப் பிடுங்கி வேரை ஆராய்ந்தவர். வருஷக்கணக்காக அவர் எழுதி வந்தது களைகளைப் பற்றிய ஒரு கையேடு. ஒரு செடிக்கு ஒரு ஃபைல் என்று கணினியில் ஒரே ஃபோல்டருக்குள் சேர்த்து வைத்திருந்தார். அருகம்புல் ஒரு ஃபைல், ஆகாயத்தாமரை ஒரு ஃபைல், நாயுருவி ஒன்று, நெருஞ்சி ஒன்று என்று அது பாட்டுக்குப் போகும்.

அந்தப் பருவத்தோடு டீச்சருக்குப் பணி ஓய்வு. போவதற்கு முன் ஒரு வகுப்பாவது தன் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடத்திவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அச்சகம் வைத்திருப்பது தம்பி, அதாவது பட்டப்பெயர் வைத்த அதே மைத்துனர். அவரும் ஒரு பார்ட்னரும் சேர்ந்து நடத்துகிறார்கள். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பி குடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்.

"அக்கா, வர்ற வெள்ளிக்கிழமை வரைக்கும் மெஷினை உனக்காகப் பிடிச்சு வைக்கிறேன். அதுக்கப்புறம் பள்ளிக்கூடப் புத்தகம் ஏறிடும். பார்ட்னர் வாக்குக் குடுத்துட்டார். அது ஏறிட்டா அடுத்த வருஷம்தான்."

"அடுத்த வருஷம் நான் யாருக்குடா பாடம் நடத்துறது? உனக்கா?"

"அதான் சொல்றேன். தனித்தனியா அனுப்பாதே. எல்லாத்தையும் ஒரே ஃபைலா சேர்த்து அனுப்பு."

"அதுக்கென்ன, ஒவ்வொண்ணா திறந்து ஒட்டிடறேன். ரெண்டு நாள் பிடிக்கும், அவ்வளவுதான்."

பக்கத்து நாற்காலியில் கிழிந்த குடையைத் தைத்துக்கொண்டிருந்த ஒருவரியார் ஊசியைக் கீழே வைத்தார்.

"ஒவ்வொண்ணா ஒட்டுறதா? நான் இருக்கிற வீட்டுலயா?"

"ஆரம்பிச்சுட்டார்" என்றார் மைத்துனர்.

"மாப்பிள்ளை, சும்மா இருங்க. இதுக்கு ஒரே வரி போதும். தட்டிட்டுக் கண்ணை மூடித் திறந்தா முடிஞ்சிருக்கும்."

"அப்ப இப்பவே தட்டுங்களேன்" என்றார் டீச்சர்.

இங்கேதான் சிக்கல். ஒருவரியாரின் பழைய கணினி போன மாதம்தான் புகை விட்டு உயிரை விட்டிருந்தது. வீட்டில் மிச்சம் இருந்தது டீச்சரின் விண்டோஸ் கணினி. அதில் எதைச் செய்யவும் மவுஸைப் பிடித்து ஒரு படத்தின் தலையில் குட்ட வேண்டும். அதைத் தொடுவதே தன் குலத்துக்கு இழுக்கு என்று நினைப்பவர் அவர்.

"இதுல நேரா முடியாது. முதல்ல இதுக்குள்ள ஒரு யூனிக்ஸ் சூழலை உருவாக்கணும். ஷெல் ஒண்ணு இறக்கி, ஒழுங்குபடுத்தி, பழக்கப்படுத்திட்டா அப்புறம் ஒரே வரி."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரை மணி."

டீச்சர் தம்பியைப் பார்த்தார். தம்பி காப்பித் தம்ளருக்குள் பார்த்தார்.

ஷெல் இறங்குவதற்கு உண்மையிலேயே அரை மணிதான் ஆயிற்று. விண்டோஸின் பளபளப்புக்கு நடுவில் ஒரு கருப்புச் சன்னல் திறந்தது. கட்டை கண்ணைச் சிமிட்டியது. தொலைந்துபோன தம்பி திரும்பி வந்த மாதிரி ஒருவரியார் நாற்காலியை அதன் பக்கம் நெருக்கிப் போட்டுக்கொண்டார். அப்போதே அந்த ஒரு வரியைத் தட்டியிருந்தால் கதை இங்கேயே முடிந்து, எல்லாரும் சாப்பிடப் போயிருக்கலாம். அவர் தட்டவில்லை. புது வீட்டுக்குள் போனவர் சமைக்கவா முதலில் பார்ப்பார்? சன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது, ஆணி எங்கே அடிக்கலாம் என்றுதானே பார்ப்பார்.

முதல் தகராறு வீட்டைப் பற்றித்தான் வந்தது. ஷெல்லுக்குத் தன் எஜமானரின் வீடு எது என்று தெரிய வேண்டும். அமைப்புகள் எல்லாம் அங்கேதான் இருக்கும். அந்தக் கணினியை வாங்கிய புதிதில் உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் மைத்துனர் 'அக்கா வீடு' என்று எழுதி வைத்திருந்தார், நடுவில் தாராளமாக இடம் விட்டு. ஷெல்லுக்கு இடைவெளி விட்டால் இரண்டு தனிப் பொருள். ஒருவரியார் இணையத்திலிருந்து இறக்கிய ஏதோ ஓர் அமைப்பு, அக்கா என்று ஒரு பொருளையும் வீடு என்று இன்னொரு பொருளையும் தேடிப் பார்த்துவிட்டு, அக்காவும் இல்லை, வீடும் இல்லை என்று அறிக்கை விட்டது.

"இங்க பாரு, உன் தம்பி செஞ்ச வேலையை" என்று கூவினார் ஒருவரியார்.

"நான் இங்கதான் இருக்கேன், வீடும் இங்கதான் இருக்கு" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. "ஃபைல் சேர்ந்துச்சா?"

திங்கட்கிழமை பாதை போட்டார். பாதை என்பது, ஒரு கட்டளையைச் சொன்னால் அதைச் செய்யும் ஆளை எந்தெந்த இடத்தில், எந்த வரிசையில் தேடுவது என்ற ஏற்பாடு. விண்டோஸில் தேடிக் கொடுப்பதற்கு ஃபைண்ட் என்று ஓர் ஆள் ஏற்கெனவே உண்டு. யூனிக்ஸ் கூட்டத்திலும் அதே பெயரில் ஓர் ஆள் வந்து சேர்ந்தான். ஒருவரியார் தன் ஆளைக் கூப்பிடக் கூப்பிட, விண்டோஸ்காரன் முந்திக்கொண்டு வந்து, நீ கேட்கிற முறையே சரியில்லை என்று முறைத்துவிட்டுப் போனான். இந்த வரிசைச் சண்டையைத் தீர்த்து வைத்தபோது மாலைச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. களைகளைச் சேர்க்க ஃபைண்ட் எதற்கு என்று கேட்கக் கூடாது. அவருக்கும் அது தேவைப்படவில்லை. இருக்க வேண்டியவர் இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது எழுத்து. டீச்சர் ஃபைல்களுக்குத் தமிழில்தான் பெயர் வைத்திருந்தார். கருப்புச் சன்னலில் அவை சின்னச் சின்னப் பெட்டிகளாகத் தெரிந்தன. ஒருவரியார் எழுத்துரு மாற்றினார். பெட்டிகள் போய், கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகத் தமிழ் வந்தது. நெருஞ்சியைப் பார்த்தால் நெருஞ்சி மேலேயே விழுந்து எழுந்த மாதிரி இருந்தது. அதைச் சரி செய்து முடித்தபோது கண்ணில் நீர் கோத்துவிட்டது. வாசல் பக்கம் போய்க் காற்று வாங்கியவரிடம் எதிர் வீட்டுக்காரர், "என்ன சார், ஏதும் துக்கமா?" என்று விசாரித்தார்.

செவ்வாய்க்கிழமை வால் பிடித்தது. ஷெல்லின் அமைப்புகளை எழுதி வைக்கும் ஃபைலை அவசரத்தில் விண்டோஸின் எழுதுகருவியில் திறந்து சேமித்துவிட்டார். அந்தக் கருவி ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை வால் மாதிரி கூடுதலாகச் சேர்க்கும் பழக்கமுள்ளது. ஷெல்லுக்கு அது ஆகாது. சரியாகவே எழுதியிருக்கிற கட்டளையைப் பார்த்து, இப்படி ஒரு கட்டளையே கிடையாது என்று சாதித்தது. ஒருவரியார் அழித்து எழுதினார். பெரிதாக்கிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு திரையைத் துடைத்தார். கடைசியில் காரணம் புரிந்து அந்த வால்களையெல்லாம் ஒரே வரியில் நறுக்கித் தள்ளியபோது, வேட்டையிலிருந்து திரும்பியவர் மாதிரி சமையலறைக்குள் நுழைந்தார்.

"எல்லா வாலையும் வெட்டிட்டேன்."

"நல்லது. கையைக் கழுவிட்டு வாங்க" என்றார் டீச்சர். "செடியெல்லாம் எப்பச் சேரும்?"

"அடித்தளம் போட்டாச்சு. இனி மேல்பூச்சுதான்."

மேல்பூச்சு புதன்கிழமை நடந்தது. ஃபோல்டர்களுக்கு நீலம், ஃபைல்களுக்குப் பச்சை, தவறுகளுக்குச் சிவப்பு. சன்னலைத் திறந்ததும் டீச்சரைப் பெயர் சொல்லி வரவேற்று, மணி என்ன, நிலா எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்றெல்லாம் அறிவிக்கும்படி செய்தார். நீளமான கட்டளைகளுக்குச் சுருக்கப் பெயர் வைத்தார். சுருக்கப் பெயர்கள் மறந்துபோகவே, அவற்றைக் காட்ட இன்னொரு சுருக்கப் பெயர் வைத்தார். பிறகு, மனைவி தனியாக உட்கார்ந்து பயந்துவிடக் கூடாதே என்று, 'நீ பயப்படாதே' என்ற பெயரில் ஒரு வழிகாட்டி எழுதி, அவர் கண்ணில் படட்டும் என்று களை ஃபோல்டருக்குள்ளேயே போட்டு வைத்தார். இவ்வளவு அன்பும் ஒரு கணவனுக்குள் இருக்கிறதே என்று அவருக்கே தன்மேல் மரியாதை வந்தது.

அன்று மாலைதான் அந்தப் புகழ்பெற்ற வரி அரங்கேறியது. இந்த ஃபோல்டரில் இருக்கிற எல்லாவற்றையும் வரிசையாக எடு, 'நூல்' என்ற ஒரே ஃபைலில் கொட்டு. அவ்வளவுதான். 'எல்லாம்' என்பதற்கு ஒரு நட்சத்திரக் குறி போட்டால் போதும். தட்டினார். கண்ணைக்கூட மூட வேண்டியிருக்கவில்லை.

"பாத்தியா?" என்றார்.

"பாத்தேன். ஆனா அருகம்புல்லுல ஒரு வாக்கியத்தை மாத்தணும்" என்றார் டீச்சர்.

"மாத்து. மறுபடி தட்டிடலாம். ஒரே வரிதானே."

டீச்சர் மாற்றினார். இவர் தட்டினார், பழையது இருக்கட்டும் என்று இந்த முறை 'நூல்-புதிது' என்று பெயர் கொடுத்தார். பிறகு ஆகாயத்தாமரைக்கு ஒரு திருத்தம் வந்தது, 'நூல்-இறுதி' பிறந்தது. வியாழக்கிழமை காலை பல் விளக்கும்போது டீச்சருக்கு நெருஞ்சி முள்ளைப் பற்றி ஒன்று நினைவுக்கு வந்தது, 'நூல்-இறுதியிலும்-இறுதி' பிறந்தது. ஒவ்வொன்றும் அதே ஃபோல்டருக்குள்தான். எதையும் ஒருவரியார் திறந்து பார்க்கவில்லை. ஷெல் வாய் திறக்கவில்லை என்றால் வேலை நல்லபடி முடிந்தது என்று அர்த்தம். திறந்து பார்ப்பது நல்ல ஊழியனைச் சந்தேகப்படுவது போல. கடைசிக் குழந்தையை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தார்.

மத்தியானம் மைத்துனர் கூப்பிட்டார்.

"மாமா, அக்கா புத்தகம் எத்தனை பக்கம்?"

"முந்நூறு சொச்சம்."

"இங்க ரெண்டாயிரத்தைத் தாண்டி ஓடிக்கிட்டே இருக்கு. அட்டை போட்டா தலைக்கு வச்சுப் படுக்கலாம்."

"உங்க மெஷின்ல கோளாறு இருக்கும், மாப்பிள்ளை."

"இருக்கலாம். அருகம்புல் எட்டு தடவை வருதே, அதுவும் மெஷின்தானா? ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு, எதை அடிக்கச் சொல்றீங்க?"

ஒருவரியார் நீட்டியிருந்த காலை மடக்கினார்.

"அப்புறம் நாயுருவிக்கும் நெருஞ்சிக்கும் நடுவுல ஒரு புதுச் செடி இருக்கு. படிக்கிறேன், கேளுங்க. 'திரை கருப்பாக இருக்கிறதே என்று கலங்காதே. உன் கணவன் எல்லாவற்றையும் சரிசெய்து வைத்திருக்கிறான். எதைக் கேட்டாலும் பதில் வரவில்லை என்றால் நீ கேட்ட விதம் தவறு.' இது எந்த மண்ணுல விளையும் மாமா?"

போனை வைத்த ஒருவரியாருக்குக் காது சூடாகிவிட்டது. ஷெல் தப்பு செய்யாது; தானும் தப்பு செய்ய மாட்டார்; ஆகவே நடுவில் இருக்கிற சூழலில்தான் கோணல். எங்கோ ஓர் அமைப்பு பிசகியிருக்கிறது. இப்படி முடிவுக்கு வந்தவர், போட்ட பாதை, வெட்டிய வால், நிலா உட்பட எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு, முதலிலிருந்து இறக்க ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை காலை கல்லூரிக்குக் கிளம்பிய டீச்சர் வந்து எட்டிப் பார்த்தார். கருப்புச் சன்னல் பிறந்த மேனியாக நின்றது. வண்ணம் இல்லை, வரவேற்பு இல்லை, ஃபைல் பெயர்கள் மறுபடி பெட்டிகள்.

"என்னங்க இது?"

"அடித்தளத்துலயே தப்பு. திரும்பக் கட்டிட்டிருக்கேன். சாயங்காலத்துக்குள்ள..."

டீச்சர் கைப்பையை மேசைமேல் வைத்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் ஒருவரியாருக்குப் பதில் தயாராக இருந்தது.

"இந்தப் பருவத்தோட எனக்கு வகுப்பு முடியுதுங்க" என்றார். "பசங்ககிட்ட புத்தகம் வருதுன்னு சொல்லிட்டேன். வராதுன்னா வராதுன்னு சொல்லிடுங்க. இன்னைக்கே போய்ச் சொல்லிடறேன்."

ஒருவரியார் விசைப்பலகையைப் பார்த்தார். கட்டுப்பாட்டு அறையில் ஊரே இருட்டான நாள்களில்கூட அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்ததில்லை. இப்போது எடுத்தார். அந்த வாரம் முழுக்க மனைவி ஒவ்வொரு தடவையும் கேட்டது ஒரே கேள்விதான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அதற்கு மட்டும் இவர் பதில் சொல்லவே இல்லை.

"எங்க தப்புன்னு தெரியலைம்மா" என்றார். இந்த வாக்கியத்தை அவர் வாயிலிருந்து டீச்சர் அதுவரை கேட்டதில்லை.

டீச்சர் உட்கார்ந்தார். மவுஸை எடுத்தார், ஒருவரியார் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். டீச்சர் ஃபோல்டரைத் திறந்து, வயலில் இறங்கியவர் மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இந்த நட்சத்திரக் குறிக்கு என்ன அர்த்தம்னு சொன்னீங்க?"

"இங்க இருக்கிற எல்லாத்தையும் எடுன்னு."

"சேர்த்து முடிச்ச நூலை எங்க போட்டீங்க?"

"இங்கதான்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

"பிடுங்கின களையை அதே வயல்ல குவிச்சு வச்சா விதை உதிர்ந்து அடுத்த தடவை ரெட்டிப்பா முளைக்குங்க. முதல் வருஷப் பாடம் இது. உங்க நூல்-புதிது நூலையும் சேர்த்து முழுங்கியிருக்கு. நூல்-இறுதி அது ரெண்டையும் முழுங்கியிருக்கு. கூடவே நான் எதுக்கோ பயப்படக் கூடாதுங்கிறதையும் முழுங்கியிருக்கு. அது என்ன ஃபைல்?"

"அது ஒண்ணுமில்லை" என்றார் ஒருவரியார் அவசரமாக.

நான்கு நூல்களையும் அந்த ஒண்ணுமில்லாததையும் டீச்சர் இழுத்து வெளியே போட்டார். ஒருவரியார் அதே வரியைத் தட்டினார். கொட்டும் இடத்தை மட்டும் ஃபோல்டருக்கு வெளியே வைத்தார். வண்ணமில்லாத, நிலா இல்லாத, பெயர்களையெல்லாம் பெட்டியாகக் காட்டிக்கொண்டிருந்த அந்த மொட்டைச் சன்னலே வேலையை முடித்துவிட்டுப் பேசாமல் நின்றது. ஞாயிற்றுக்கிழமை இறங்கிய அன்றும் அது இப்படித்தான் நின்றுகொண்டிருந்தது.

"அனுப்பிடலாமா?" என்றார் டீச்சர்.

"இரு. திறந்து பாத்துட்டு அனுப்பறேன்."

டீச்சர் கல்லூரிக்குப் போனார். ஒருவரியார் முதல் பக்கத்தைத் திறந்தார். எண்ணிக்கை சரியா என்று மட்டும் பார்க்கத்தான் நினைத்தார். ஆனால் அருகம்புல்லின் வேர் மண்ணுக்குள் எப்படி வழி தேடுகிறது என்ற இடத்தில் கண் நின்றது. அப்புறம் அங்கிருந்து நகரவில்லை. இத்தனை வருஷமாக அடுத்த அறையில் எழுதப்பட்ட புத்தகத்தை அவர் முதல் தடவையாகப் படித்தார். தொட்டாற்சுருங்கிப் பக்கத்தில் வாய்விட்டுச் சிரித்தார். டீச்சர் நகைச்சுவையாக எழுதுவார் என்பதே அவருக்குச் செய்தி. சாப்பாடு ஆறிப்போனது.

படித்து முடித்து, பொழுது சாய்வதற்குள் புத்தகத்தை அனுப்பிவிட்டார். சொன்ன கெடு வெள்ளிக்கிழமை. போய்ச் சேர்ந்ததும் வெள்ளிக்கிழமை. ஒருவரியார் வாழ்க்கையில் ஒரு கெடுவையும் தவறவிட்டவர் அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. பருவம் முடியும் நாளில் டீச்சரும் கடைசி வகுப்பைப் புத்தகமும் கையுமாக நடத்தினார்.

இந்த இடத்தில், நான் கதை சொல்வதை இவ்வளவு நேரம் சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த மைத்துனர் தொண்டையைக் கனைத்தார்.

"வெள்ளிக்கிழமை எங்க வந்துச்சு? சனிக்கிழமை மத்தியானம்தான் வந்துச்சு. சாயங்காலம் கூப்பிட்டா மாமா இன்னும் பாதியைத் தாண்டலை, ஒரு பக்கமும் விடாமப் படிச்சுட்டுத்தான் அனுப்புவேங்கிறார். நான் என்ன பண்றது? பள்ளிக்கூடப் புத்தகம் ஏறிடக் கூடாதேன்னு மெஷின்ல ஒரு உருளையைக் கழட்டித் துண்டுல சுத்தி வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்க் கட்டிலுக்கு அடியில வச்சேன். பார்ட்னர்கிட்ட மெஷின் ரிப்பேர்னு சொன்னேன். அவர் இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் நம்பிக்கிட்டிருக்கார். அவர் காதுல இதைப் போட்டுடாதீங்க."